வில்லின் படியில் ஒட்டிய தோல்

பாளையங்கோட்டை ரோட்டில் பைக் சீட்டுக்கு உறை தைக்கிற கடை வைத்திருக்கும் ஜெயகணேஷ் பயந்த சுபாவக்காரர். ஊசி போட்டுக்கொள்ளப் பயம். லிஃப்டில் ஏறப் பயம். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி பின்னால் வருவது தெரிந்தால் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, லாரி கடந்து போய்ப் புழுதி அடங்கிய பிறகுதான் கிளப்புவார். நாற்பத்தாறு வயதாகிறது. தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். யாராவது கேலி பேசினால் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத் தையல் மெஷினில் குனிந்துகொள்வார்.

மனைவி செல்வராணி நேர் எதிர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவள் விசில் ஊதினால் மைதானத்தின் மறு கோடியில் நிற்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் குளியலறைக்குள் பாம்பு புகுந்துவிட்டது. ஜெயகணேஷ் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டிருக்க, அவள்தான் துடைப்பக் கட்டையால் அதை வாளிக்குள் தள்ளி மூடி, காட்டுப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். இருபது வருஷக் குடித்தனத்தில், பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளியில் வில்வித்தை அணி ஆரம்பித்தார்கள். பொறுப்பு செல்வராணியின் தலையில் விழுந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் தான் கற்றுக்கொள்ள வேண்டுமே என்று, முத்தையாபுரம் தாண்டி உப்பளத்தை ஒட்டிய ஒரு காலி இடத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிற சின்னக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ராஜதுரை என்பவர்தான் அதை நடத்திவந்தார். கற்றுக்கொள்ளப் போனவள் அதிலேயே விழுந்துவிட்டாள். ஆனால் போட்டிக்கு எடுத்துப்போகிற வில் அவளுக்குப் பிடிக்கவில்லை. குறி பார்க்க ஒரு கருவி, ஆடாமல் நிற்க ஒரு கம்பி என்று அதில் ஏகப்பட்டது தொங்கும். ஒன்றுமே மாட்டாத மர வில்லின் மேல்தான் அவளுக்கு ஆசை. நுனி இரண்டும் முன்பக்கமாக வளைந்திருக்கும் பழைய மாதிரி ரீகர்வ். பணம் சேர்த்துவைத்து, போன ஆனி மாதம் ஒன்று வரவழைத்தாள்.

அந்த வில்லில் கைப்பிடிக்குச் சற்று மேலே மரத்தை உள்வாங்கிச் செதுக்கிச் சின்னப் படி மாதிரி விட்டிருந்தார்கள். ஷெல்ஃப் என்பார்கள். அம்பு அதில்தான் உட்காரும். நாணை விட்டதும் அதன் மேல் வழுக்கிக்கொண்டுதான் போகும். வெறும் மரமாக விட்டால் மரமும் தேயும், அம்பும் தடதடக்கும். அதனால் மேலே தோலோ முடி வைத்த துணியோ ஒட்டிக்கொள்ள வேண்டும். செல்வராணி வில்லை அப்படியே கடைக்குக் கொண்டுவந்து கணவனிடம் நீட்டினாள். ஊருக்கெல்லாம் தோல் ஒட்டுகிற கை, தனக்கும் ஒட்டித் தரட்டுமே என்றாள்.

ஜெயகணேஷுக்கு உள்ளுக்குள் பெருமைதான். வில்லைத் தொடவே பயப்படுகிறவரிடம் அதில் ஒரு வேலையை நம்பிக் கொடுக்கிறாளே. சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, மிஞ்சிக் கிடந்த நல்ல கறுப்புத் தோலில் படியின் அளவுக்கு ஒரு துண்டு நறுக்கினார். பக்கச் சுவருக்கும் ஒரு துண்டு. ஒட்டப் போகும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அம்பு மெத்தென்று உட்காரட்டும், சத்தம் வராமல் இருக்கட்டும் என்று, சீட்டுக்கு வைக்கிற ஸ்பாஞ்சில் ஒரு மெல்லிய சீவலை எடுத்துத் தோலுக்கு அடியில் வைத்துவிட்டார். பசை காய்ந்ததும் பார்க்க அழகாக இருந்தது. புது சீட்டின் முனை மாதிரி லேசாக உப்பி, ஓரம் சுத்தமாக மடிந்து நின்றது.

கட்டைவிரலால் ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது. அம்பு ஒன்றை வைத்து அழுத்தினால் அதுவும் தாழ்ந்தது. பின்பக்கத்து ஓரம் மட்டும் மடிப்பினால் மேடாக நின்றது. அந்த நிமிஷமே அவர் மனசில் ஏதோ இடறியது. சீட்டு என்றால் உட்காருகிறவனுக்காக அமுங்க வேண்டும். இது அமுங்கலாமா? பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஏரலிலிருந்து ஒருவர் புல்லட்டோடு வந்து, சாயங்காலத்துக்குள் சீட் வேண்டும், நாளைக்குக் கல்யாணம் என்று நின்றார். ஜெயகணேஷ் வில்லைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்தார். இரவு செல்வராணி அதைப் பார்த்துவிட்டு, கடையில் வாங்கின மாதிரி இருக்கிறதே என்று தடவித் தடவிப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் கூடவே போனார். வழக்கமாகப் போகிறவர் இல்லை. அன்றைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஆறரை மணிக்கே உப்பளத்துப் பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசியது. ராஜதுரை வைக்கோல் பொதிகளை அடுக்கிக் குறி வட்டம் போட்ட தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். செல்வராணி இடது கையில் வில்லைப் பிடித்து ஆறு அம்புகளை விட்டாள். ஆறும் பொதியில் ஏறின. ஜெயகணேஷ் மூச்சு விட்டார்.

இரண்டாம் சுற்றில் அம்புகளின் வால் ஆடியது. ராஜதுரை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, டீச்சர், அம்பு வாலை ஆட்டிக்கிட்டுப் போகுது, என்னன்னு பாருங்க என்றார். புது வில்தானே, கை பழகவில்லை போலிருக்கிறது என்று செல்வராணி சொன்னாள். அம்பு ஒவ்வொரு தரமும் அந்தப் பின்னோரத்து மேட்டில் உரசிக்கொண்டு போகிறது என்று ஜெயகணேஷுக்குத் தோன்றியது. சொல்லிவிடலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தார். எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமே என்று நின்றுகொண்டார்.

மூன்றாம் சுற்றில் இரண்டாவது அம்பு. நாண் விட்ட சத்தம் கேட்டது. செல்வராணியிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வில்லை மெதுவாகக் கீழே வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இடது கையின் ஆள்காட்டி விரல் அடியில், அம்பின் வாலிலிருந்து பெயர்ந்த இறகுத் தண்டு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் குத்திக்கொண்டு நின்றது. ரத்தம் முழங்கை வரை வந்து உப்பு மண்ணில் சொட்டியது. "பிடுங்காதீங்க," என்று அவள் சொன்னது மட்டும் ஜெயகணேஷுக்குக் கேட்டது. பிறகு காது அடைத்துவிட்டது.

ராஜதுரையின் காரில் போனார்கள். பின்சீட்டில் அவள் கையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, அதைப் பார்க்காமல் இருக்க, அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றைக்கூட அவர் கவனிக்கவில்லை. விரல் போய்விடுமா, கையே போய்விடுமா, ரத்தத்தில் ஏதாவது விஷம் ஏறிவிடுமா என்று ஒரே நினைப்புதான் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில், தான் ஒட்டிய கறுப்புத் தோல் கண் முன்னால் வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் தண்டு உடைந்து ஒரு துணுக்கு உள்ளே தங்கியிருப்பதாகச் சொன்னார்கள். விரலை மடக்குகிற நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, திறந்துதான் எடுக்க வேண்டும், மடங்குமா என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொன்னார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் ஜெயகணேஷ் போட்டுக் கொடுத்தார். கதவுக்கு வெளியே நின்ற ஒரு மணி நேரமும் ராஜதுரை அவர் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தார்.

"இறகு ஒட்டுனவன் சரியா ஒட்டல தம்பி. இனிமே வேற ஆளத்தான் பாக்கணும்," என்றார் ராஜதுரை.

ஜெயகணேஷ் தலையை ஆட்டினார். அதுதான் அவர் செய்த இரண்டாவது தப்பு. அது முதல் தப்பைவிடப் பெரிது என்று அவருக்கு அப்போதே தெரிந்தது.

செல்வராணியைச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை முழுக்கக் கட்டு. மறுநாள் ராஜதுரை வில்லைக் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஜெயகணேஷ் அதை அன்று முழுக்கத் தொடவில்லை. அதற்கு அடுத்த நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கத்தி முனையால் தோலைக் கிளப்பினார். ஸ்பாஞ்சு நடுவில் தட்டையாகிப் போயிருந்தது. தோலின் பின்னோரத்தில் வரிவரியாகக் கீறல். அம்பு கீழே பதிந்து பதிந்து, கீழ்ப்பக்கத்து இறகு அந்த மேட்டில் இடித்து, ஒவ்வொரு தரமும் தண்டின் முனை கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பியிருக்கிறது. கடைசியில் படிக்குக் கீழே இருந்த விரலில் குத்திவிட்டது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அவர் அந்தத் துண்டைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குப்பையில் போடக் கை வரவில்லை.

அந்தப் பத்து நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. செல்வராணியின் தலையை அவர்தான் வாரிப் பின்னிவிட்டார். ரெக்ஸின் இழுத்துப் பழகிய விரல்களுக்கு முதல் நாள் பின்னல் வரவில்லை. அவள் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனியை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார். அதில் உணர்ச்சி இல்லை என்று அவள் சொல்லியிருந்தாள். கடைக்குப் போனால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் அவள் கேட்டுவிடுவாளோ என்ற நினைப்பு. போன் அடித்தால் எடுக்கத் தயங்கினார். ராஜதுரை கண்டுபிடித்திருப்பாரோ, அவர் பேசுகிறாரோ என்று.

ஒன்பதாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்வராணி தானாகப் பேச ஆரம்பித்தாள். அம்பை மறுபடி நாணில் வைப்பதற்கு முன்னால் இறகைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தான்தானே சொல்லிக்கொடுப்பது, தானே பார்க்கவில்லையே, இது தன் தப்புதான் என்றாள். ஜெயகணேஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இனிமே வில்லத் தொட முடியும்னு தோணல. நெனச்சாலே பயமா இருக்கு," என்றாள்.

தன் பயம் அவருக்குப் பழகியது. அதோடு எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியும். அது இவளுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கையைக் கழுவாமலே பையிலிருந்து அந்தத் தோலை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இறகுமேல தப்பில்ல ராணி. நான் ஒட்டுன தோல். அடியில ஸ்பாஞ்சு வச்சேன்."

அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். கீறலை நகத்தால் தொட்டாள்.

"அமுக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அமுங்குச்சு."

"அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. பின்னல் போடக் கூப்பிடவும் இல்லை. அவிழ்ந்த தலையை ரப்பர் பேண்டில் முடிந்துகொண்டு பள்ளிக்கூடம் போனாள். கட்டு அவிழ்க்கப் போன அன்றைக்கும் தனியாகப் போய்விட்டு வந்தாள். விரல் முக்கால் வாசி மடங்குகிறது, மீதி பயிற்சியில் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதை அவள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் ஜெயகணேஷ் கேட்டார். அந்த இரண்டு நாளும் அவர் கடையில் ஒரு சீட்டும் தைக்கவில்லை. பழைய பயமெல்லாம் அந்தப் பயத்துக்கு முன்னால் விளையாட்டு மாதிரி இருந்தது. இவள் இனி எப்போதும் பேசாமலே இருந்துவிட்டால்?

மூன்றாம் நாள் காலையில் காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் நின்றாள்.

"அந்தத் தோலப் பூராவும் எடுத்தாச்சா?"

எடுத்தாயிற்று என்றார்.

"அப்ப மறுபடி ஒட்டுங்க."

ஜெயகணேஷ் டம்ளரைத் தொடவில்லை. "ஒட்டுதேன். ஆனா நான் அம்பு விட்டுப் பாத்த பெறகுதான் உன் கையில தருவேன்," என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. செல்வராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போனாள்.

இந்தத் தடவை ராஜதுரையைக் கேட்காமல் கத்தியை எடுக்கவில்லை. முதலில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். ராஜதுரை, ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி என்றார். பிறகு வில்லைக் கையில் எடுத்துக் காட்டினார். படி முழுக்க அம்பைத் தொடக்கூடாது. கைப்பிடியில் உள்ளங்கை அழுந்துகிற ஆழமான இடம் இருக்கிறதே, அதற்கு நேர் மேலே ஒரே ஒரு மேடு. அம்பு அதில் மட்டும் பட்டுவிட்டுப் போக வேண்டும். மேடு கல் மாதிரி இருக்க வேண்டும், மேல்துணி மட்டும் மிருதுவாக இருந்தால் போதும்.

ஜெயகணேஷ் பழைய செருப்பின் அடித்தோலில் தீக்குச்சி கனத்துக்கு ஒரு கீற்று நறுக்கி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து இறக்கினார். படியின் மேலே பென்சிலால் கோடு போட்டு அதை ஒட்டினார். மேலே மெல்லிய தோல். பின்னோரத்தை மடிக்காமல் மரத்தோடு மரமாகச் சீவி விட்டார். கட்டைவிரலால் அமுக்கினார். அசையவில்லை. அம்பின் வால் படியில் இடிக்காதபடி, நாணில் அம்பு பூட்டும் இடத்தை அரை விரற்கடை உயர்த்தி நூல் சுற்றினார். ஆறு அம்புகளிலும் இறகின் முன்முனையை மெல்லிய நூலால் இறுக்கிச் சுற்றிப் பசை தடவினார். முடித்துவிட்டு மறுபடி அமுக்கினார். ஒரு நாளில் முப்பது தரமாவது அமுக்கியிருப்பார்.

ஞாயிறு வந்தது. செல்வராணி கூட வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஸ்கூட்டரில் ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். உப்பளத்துக் காற்று அன்றைக்கு வலுவாக அடித்தது. பொதிக்குப் பத்து அடி தள்ளி ராஜதுரை அவரை நிறுத்தினார். கையை எப்படி வைப்பது, எங்கே பார்ப்பது என்று சொன்னார். ஜெயகணேஷுக்கு ஒன்றும் ஏறவில்லை. அவர் கண் தன் இடது கையின் ஆள்காட்டி விரலில்தான் இருந்தது. படிக்குச் சரியாக ஒரு நகக்கண் கீழே அது நின்றது. ஒரு நிமிஷம், வில்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தார்.

தையலுக்குக் கோடு போடுகிற சாக்பீஸை நுணுக்கிக் கொண்டுவந்திருந்தார். அதைப் படியின் மேல் தூவினார். எங்கே உரசினாலும் தூள் அழிந்து காட்டிக்கொடுத்துவிடும். இழுத்தார். சீட்டுத் துணியை ஆண்டுக்கணக்கில் இழுத்த கைக்கு அந்த இழுவை பெரிதாகத் தெரியவில்லை. விடுவதுதான் முடியவில்லை. விரல்கள் நாணில் பிடித்துக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டு விட்டார்.

அம்பு பொதிக்கு முன்னால் மண்ணில் செருகியது. அவர் முதலில் விரலைப் பார்த்தார். பிறகு படியைப் பார்த்தார். மேட்டின் மேல் மட்டும் ஒரு கோடு அழிந்திருந்தது. ஆனால் பின்பக்கம் ஒரு ஓரத்தில் இறகு தொட்ட தடம் லேசாக இருந்தது. ராஜதுரை நாணில் சுற்றிய நூலை இன்னும் ஒரு நெல் அளவு ஏற்றினார். மறுபடி தூள், மறுபடி அம்பு. இரண்டாவது, மூன்றாவது. ஏழாவது அம்பில் அந்தத் தடம் போயிற்று. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. இருபத்து நான்கு அம்பு விட்டார். நான்கு மட்டும் பொதியில் ஏறியிருந்தன. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அம்புக்கும் முதல் அம்பு மாதிரியேதான் பயந்தார். குறையும் குறையும் என்று பார்த்தார், குறையவே இல்லை.

அன்றைக்குச் செல்வராணி வில்லைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து, சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அதற்கு அடுத்த இரண்டு ஞாயிறும் அவர்தான் அம்பு விட்டார். அவள் பள்ளிப் பிள்ளைகளின் வில்லைக் கொண்டுவந்து சரிபார்த்துக்கொண்டு தள்ளி நின்றாள். மூன்றாவது ஞாயிறு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், அவர் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். ஜெயகணேஷ் படியை ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அவள் விரல் முழுக்க மடங்கவில்லை. வில்லின் பிடியில் அது தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் தோள் நடுங்குவதை அவர் பார்த்தார். அதை அவர் இதுவரை பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். ஆனால் நகராமல் நின்றார்.

அவள் இழுத்து வெகு நேரம் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள்.

விட்டதும் அவள் தன் கையைப் பார்த்தாள். அவரும் அவள் கையைத்தான் பார்த்தார். ராஜதுரையும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் ஒன்றும் இல்லை. பழைய தையல் தழும்பு மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அம்பு எந்தப் பக்கம் போயிற்று என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. பொதியில் இல்லை. பின்னால் இருந்த மண்மேட்டிலும் இல்லை. உடைமரப் புதருக்குள் போயிருக்கும் என்று கணவனும் மனைவியும் குனிந்து குனிந்து தேடினார்கள். வெயில் ஏறிய பிறகும் கிடைக்கவில்லை.